ஸ்வீப் பிக்கிங்: மூன்று கம்பியிலேயே முட்டி நிற்கிறேன்

ஆறுகம்பி | மார்ச் 2, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மார்த்தாண்டம் பக்கம். கிட்டார் தொட்டு நான்கு வருடம் ஆகிறது. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிப்பது, ஸ்ட்ரம் அடிப்பது (எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டுவது), பாட்டின் நடுவே சின்னதாக ஒரு லீட், அவ்வளவுதான். மூன்று மாதமாக ஸ்வீப் பிக்கிங் பழகுகிறேன், அதாவது பிக் என்கிற மீட்டும் வில்லையைக் கம்பிகளின் குறுக்கே வரிசையாக இழுத்துத் தனித்தனிச் சுரமாக வாசிப்பது. பழகுகிறேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எடுத்துக்கொண்டது ஏ மைனர் மூன்று கம்பி ஆர்பெஜியோ, கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது. கம்பிக்குப் பின்னால் வரும் எண் ஃப்ரெட், அதாவது கழுத்தில் உள்ள கட்டம். மூன்றாம் கம்பி 14, இரண்டாம் கம்பி 13, ஒன்றாம் கம்பி 12, அதே கம்பியில் 17க்கு ஹேமர் ஆன் (இடது விரலால் தட்டி ஒலிக்க வைப்பது), மறுபடி 12க்கு புல் ஆஃப் (விரலை இழுத்து விட்டு ஒலிக்க வைப்பது), திரும்பும்போது இரண்டாம் கம்பி 13. ஆறு சுரம், சுற்றிச் சுற்றி வரவேண்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு மூன்று சுரம் வாசித்தால் பிழையில்லை. 90 தாண்டியதும் ஆர்பெஜியோ காணாமல் போய், ஏ மைனர் கார்டைக் கீறி இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. அம்மா அடுக்களையிலிருந்து "தகரத்தை இழுக்காதே மக்கா" என்கிறார்.

ஒரு வகுப்பில் சேர்ந்தும் பார்த்தேன், பெயர் வேண்டாம். "இதெல்லாம் சர்க்கஸ், முதலில் கார்டை ஒழுங்காகப் பிடி" என்று மூன்று வாரம் கார்டு பிடிக்க வைத்தார்கள். கட்டின பணம் அதோடு போயிற்று.

கருவி: தொடக்கநிலை எலெக்ட்ரிக், 9 கேஜ் கம்பி, 10 வாட் ஆம்ப். பிக், கடையில் டஜனாகக் கிடைக்கும் மெல்லிசு. எங்கே தப்பு?

தக்கலை மெட்டல் | மார்ச் 2, இரவு 11.20

கடைசி வரியில் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். மெல்லிய பிக் ஒவ்வொரு கம்பியிலும் வளைந்து, பிறகு நிமிர்ந்து தெறிக்கும். அந்த நிமிர்தலுக்கு ஒரு நேரம் வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது தெரியாது, வேகத்தில் கை ஓரிடத்திலும் பிக்கின் நுனி வேறிடத்திலும் இருக்கும். குறைந்தது 1 மி.மீ., வளையாதது, நுனி கூர்மையானது வாங்குங்கள். நான் வைத்திருப்பது டன்லப் ஜாஸ் 3, 1.38 மி.மீ. சின்னதாக இருக்கும், முதல் வாரம் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

இன்னொரு கேள்வி. ஆம்பில் கெயின் (ஒலியை ஏற்றிக் கரகரப்பாக்கும் திருகு) எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆறுகம்பி | மார்ச் 3, காலை 6.40

உண்மையைச் சொன்னால் முழுசும். அதில்தான் வேகம் வந்த மாதிரி இருக்கிறது அண்ணே.

தக்கலை மெட்டல் | மார்ச் 3, காலை 8.05

கெயினைக் குறைத்து வைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு அதைத் தொடாதீர்கள். கெயின் மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். சரியாக அடிக்காத சுரமும் கேட்கும், விட்டுப்போன கம்பியும் கேட்கும். கிளீன் டோனில், கரகரப்பே இல்லாமல் வாசித்தால் எந்தச் சுரம் இல்லை என்று காதுக்குப் பிடிபடும். பிறகு கெயின் போட்டால் எந்தச் சத்தம் வேண்டாதது என்று பிடிபடும். இரண்டும் இரண்டு சோதனை.

வடசேரி வாத்தியார் | மார்ச் 3, இரவு 9.30

தம்பி, பிக்கை மாற்று, கெயினைக் குறை, சரி. ஆனால் நீ சொன்ன அந்தக் "கார்டைக் கீறி இழுத்த" சத்தம் வலது கையிலிருந்து வரவில்லை. இடது கைதான் காரணம்.

ஸ்வீப்பில் வலது கை செய்வது கார்டு ஸ்ட்ரம் செய்வதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வேலை. மூன்று கம்பிக்கு மூன்று அடி கிடையாது, ஒரே இழுப்பு. அதைக் கார்டாகக் கேட்காமல் தனித்தனிச் சுரமாகக் கேட்க வைப்பது இடது விரல்கள். 14ல் மோதிர விரல். அடுத்த கம்பியில் 13 ஒலிக்கிற அந்தக் கணத்தில் மோதிர விரலின் அழுத்தம் போயிருக்க வேண்டும். விரலைக் கம்பியை விட்டே எடுத்துவிடாதே, எடுத்தால் திறந்த கம்பி முனகும். அழுத்தத்தை மட்டும் விடு, தோல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். நடுவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இதே கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் அழுத்தத்தில் இருக்கும், மற்றவை ஓய்வில். நீ அநேகமாக மூன்று விரலையும் கார்டு மாதிரிப் பிடித்து வைத்துக்கொண்டு இழுக்கிறாய். நான்கு வருடம் கார்டு பிடித்த கைக்கு அது பழக்கதோஷம்.

தடித்த கம்பிகள் நான்கு, ஐந்து, ஆறின் மேல் வலது உள்ளங்கையின் ஓரம் படிந்திருக்க வேண்டும்.

சர்க்கஸ் என்று சொன்னவருக்கு ஒரு வார்த்தை. இது மெட்டல்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1950களிலேயே லெஸ் பால், டால் ஃபார்லோ, பார்னி கெசல் எல்லாம் ஜாஸில் தொட்டுப் போன வழி. அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் கம்பாலே இதை ஒரு முறையாகவே ஆக்கினார். 1984ல் ஸ்வீடனின் இங்வே மால்ம்ஸ்டீன் முதல் தனி ஆல்பம் போட்ட பிறகுதான் ராக் பையன்கள் எல்லோரும் இதன் பின்னால் ஓடினார்கள். ஜேசன் பெக்கர் தன் தனி ஆல்பம் போட்டபோது, 1988ல், இருபது வயதுகூட ஆகவில்லை.

கொயர்அக்கா | மார்ச் 4, மதியம் 1.15

வாத்தியார் சொன்னதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இடது கையை எல்லாக் கம்பிகளின் மேலும் சும்மா படுக்கவைத்து, எந்த சுரமும் வராதபடி, வலது கையால் மட்டும் மூன்று கம்பியையும் இழுத்துப் பாருங்கள். "டக் டக் டக்" என்று மூன்றும் ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும். "டக்... டடக்" என்று கேட்டால் வலது கையும் ஒழுங்கில்லை. மெட்ரோனோமோடு ஐந்து நிமிடம் இதை மட்டும் செய்தால் போதும், வீட்டில் யாருக்கும் தகரச் சத்தமும் கேட்காது.

அப்புறம், லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஆலயத்தில் இதை எடுத்துவிடாதீர்கள் தம்பி. பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஈஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பால்வெட்டு | மார்ச் 4, இரவு 8.00

நான் குலசேகரம். கிட்டார் ஒன்றரை வருடம்தான், அறிவுரை சொல்கிற இடத்தில் இல்லை. ஆனால் வாத்தியார் சொன்ன "ஒரே இழுப்பு" எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போய்ச் சிரட்டை துடைத்து வைப்பேன், அப்புறம் கத்தியும் பிடித்தேன். விடியுமுன் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக வெட்டு. பட்டையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உள்ளே மரத்தில் கத்தி பட்டுக் காயமாகி, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. புதிதாக வெட்டுகிறவன் எல்லோரும் செய்கிற தப்பு, ஆரம்பத்தில் லேசாகவும் நடுவில் ஆழமாகவும் போவது. அப்பா சொல்வது: "கையால வெட்டாதடே, காலால வெட்டு." மரத்தைச் சுற்றி உடம்பு நகர வேண்டும், கத்தி பிடித்த கை ஒரே நிலையில் இருந்தால்தான் ஆழம் மாறாது.

ஸ்வீப் பழகும்போது எனக்கும் முதலில் தொட்ட கம்பியில் பிக் லேசாகப் பட்டது, அடுத்ததில் ஆழமாக இறங்கி மாட்டிக்கொண்டது, மூன்றாவதை அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு தாண்டினேன். கைவிரலையும் மணிக்கட்டையும் தனித்தனியாக ஆட்டாமல், முழங்கையிலிருந்து முன்கை மொத்தமாக இறங்கும்படி செய்தபோது பிக்கின் ஆழம் ஒரே மாதிரி நின்றது. பிக்கின் நுனி கம்பிக்குக் கீழே துளிதான் போக வேண்டும். நகம் வெட்டிப் போட்ட துண்டளவு.

தக்கலை மெட்டல் | மார்ச் 4, இரவு 8.40

பால்வெட்டு அண்ணனுக்கு ஒரு சாயா என் கணக்கில். இருபது வீடியோ பார்த்தும் இந்த ஆழ விஷயம் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

ஆனால் வாத்தியாரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எல்லோரும் "60ல் தொடங்கு, தினமும் 2 கூட்டு" என்கிறார்கள். ஸ்வீப்புக்கு அது ஆகாது என்பது என் கட்சி. 60ல் வாசிக்கும்போது கை என்ன செய்கிறது? ஒரு கம்பியை அடிக்கிறது, நிற்கிறது, தூக்குகிறது, அடுத்ததை அடிக்கிறது. அதுதான் மூன்று தனி அடி. அதை மூன்று மாதம் பழகிவிட்டு 120க்குப் போனால் கைக்கு வேறு அசைவு வேண்டும், அது பழகவே இல்லை. ஆறுகம்பி 90ல் முட்டி நிற்பது இதனால்தான். முதலிலேயே வேகமாக ஒரு சுற்று, தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி, அந்த அசைவை உடம்புக்குக் காட்டிவிட வேண்டும். பிறகு சுத்தம் செய்யலாம். அமெரிக்காவில் பிக்கிங் நுட்பத்தை ஆராய்கிற ட்ராய் கிரேடி போன்றவர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்கள்.

வடசேரி வாத்தியார் | மார்ச் 5, காலை 5.50

மெட்டல் தம்பி, வேகமாகத் தப்பு வாசித்தால் கை தப்பைத்தான் படிக்கும். முப்பது வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதி சுரத்தை விழுங்கிவிட்டு வேகம் என்று சொல்லும் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் நீ சொன்னதில் ஒரு பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். 60ல் பிக்கைத் தூக்கித் தூக்கி அடித்தால் அது ஸ்வீப்பே இல்லை. மெதுவாக வாசிக்கும்போதும் தூக்கக் கூடாது. மூன்றாம் கம்பியை அடித்த பிக் அப்படியே போய் இரண்டாம் கம்பியின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும். தட்டு வரும்வரை அங்கேயே ஓய்வு. தட்டு வந்ததும் அழுத்தம் கொடுத்தால் அது இரண்டாம் கம்பியைத் தாண்டி ஒன்றாம் கம்பியில் போய்ச் சாயும். இந்த அசைவை 40ல் வாசித்தாலும் 140ல் வாசித்தாலும் ஒன்றுதான், நடுவே உள்ள ஓய்வு மட்டும்தான் குறையும். மெதுவாகப் பழகு என்று நான் சொல்வது இதைத்தான்.

தக்கலை மெட்டல் | மார்ச் 5, காலை 9.10

சாய்ந்து நிற்பது கொள்ளாம். அதை ஏற்கிறேன். ஆனாலும் நாளுக்கு ஒருமுறை 130ல் ஒரே ஒரு சுற்று வாசித்து நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒன்று, நிறுத்து, மூச்சு விடு, இன்னொன்று.

முட்டம் காற்று | மார்ச் 5, மாலை 6.30

நடுவே வருவதற்கு மன்னிக்கவும். கடற்கரைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தொழில்நுட்பம் பேசுமுன் கம்பியைத் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தால் புதுக் கம்பி சில வாரத்தில் துரு ஏறிவிடும். துருவேறிய கம்பியில் பிக் சொரசொரவென்று மாட்டும், ஸ்வீப் எப்படி வழுக்கும்? நான் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், கம்பி மாற்றிய அன்று பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் மேலும் கீழும் துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சுவரில் தொங்கவிடுவது மலைப்பக்கத்துக்காரர்களுக்குச் சரி.

நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அக்கூஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும். ஈரம் குடித்து மேல்பலகை உப்பினால் கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்துவிடும், இடது கை இரட்டிப்பு அழுத்த வேண்டிவரும்.

பால்வெட்டு | மார்ச் 5, இரவு 7.15

மலைப்பக்கத்தில் மட்டும் ஈரம் இல்லையா என்ன. வந்து பாருங்கள்.

ஆறுகம்பி | மார்ச் 27, இரவு 10.15

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 1.5 மி.மீ. பிக் திருவனந்தபுரம் போன நண்பன் வாங்கி வந்தான். முதல் வாரம் கொயர்அக்கா சொன்ன "டக் டக் டக்" மட்டும். அக்கா, எனக்கு "டடக்... டக்" என்றுதான் கேட்டது. பத்து நாளில் சீரானது. சாய்ந்து நிற்பதைச் செய்யத் தொடங்கியதும் மெட்ரோனோமை 50க்கு இறக்க வேண்டிவந்தது, மானம் போயிற்று. இப்போது 112ல் சுத்தமாக வருகிறது. மெட்டல் அண்ணன் சொன்ன ஒற்றைச் சுற்று 130ல் பத்துக்கு ஆறு முறை சரி.

புதுச் சிக்கல் இரண்டு. கீழே போகும்போது வழுக்குகிற பிக், மேலே திரும்பும்போது மாட்டுகிறது. அப்புறம், ஆசை விடவில்லை, ஐந்து கம்பி வடிவத்தையும் தொட்டேன்: ஐந்தாம் கம்பி 12, 15, நான்காம் கம்பி 14, மூன்றாம் கம்பி 14, மீதி பழையதேதான். அந்த இரண்டு 14ம் சேர்ந்தே ஒலிக்கிறது. என்ன செய்தாலும் பிரியவில்லை.

வடசேரி வாத்தியார் | மார்ச் 28, இரவு 9.00

முதல் சிக்கல் பிக்கின் சாய்வு. சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறாயா? பிரஷ்ஷைக் கீழே இழுக்கும்போது பிடி முன்னே போகும், மயிர் பின்னால் இழுபடும். மேலே இழுக்கும்போது பிடி மேல்பக்கம் முன்னே போகும், மயிர் கீழே இழுபடும். பிக்கும் அப்படித்தான். நீ கீழ்நோக்கிப் போகும் சாய்விலேயே மேலே திரும்புகிறாய், அதனால் நுனி முன்னால் போய்க் கம்பியில் குத்துகிறது. சாய்வை மாற்ற நேரம் எங்கே என்றால், அதற்குத்தான் 17க்கு ஹேமர் ஆனும் 12க்கு புல் ஆஃபும் இருக்கின்றன. அந்த இரண்டு சுரமும் இடது கையே வாசிப்பது. வலது கை சும்மா இருக்கிற அந்த இடைவெளியில் மணிக்கட்டை ஒரு பிசிறு திருப்பிக்கொள்.

இரண்டாவது, இரண்டு 14க்கும் ஒரே மோதிர விரல், உருட்ட வேண்டும். நான்காம் கம்பியை விரல் நுனியால் மட்டும் அழுத்து. மூன்றாம் கம்பிக்குப் போகும்போது விரலைப் படுக்கவை, நுனிக்குக் கீழே உள்ள சதைப்பகுதி மூன்றாம் கம்பியை அழுத்தும், அதே அசைவில் நுனி நான்காம் கம்பியில் அழுத்தம் இழந்து தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். திரும்பி வரும்போது தலைகீழ்: முதலில் சதையால் மூன்றாம் கம்பி, பிறகு விரலை நிமிர்த்தி நுனிக்கு வா. நீ செய்வது அநேகமாக இரண்டையும் சேர்த்து அமுக்கும் குட்டி பாரே. இரண்டு கம்பியை மட்டும் வைத்து, வேறு எதுவும் வாசிக்காமல், ஒரு வாரம் உருட்டு. சலிப்பாக இருக்கும். அதைவிட்டால் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

விரல் வலித்தால் பரவாயில்லை, தோல் காய்த்துவிடும். மணிக்கட்டோ கட்டைவிரல் அடியோ வலித்தால் உடனே நிறுத்து. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைக் கீழே போடு.

கொயர்அக்கா | மார்ச் 28, இரவு 9.45

விரல் பற்றி நிறைய ஆகிவிட்டது, கொஞ்சம் பாட்டுக்கு வருவோம். தம்பி, ஈஸ்டர் பாட்டு என்ன சுருதி?

ஆறுகம்பி | மார்ச் 28, இரவு 9.52

ஏ மைனர்தான் அக்கா. இடையிசையில் எஃப், பிறகு இ செவன், திரும்ப ஏ மைனர்.

கொயர்அக்கா | மார்ச் 28, இரவு 10.20

அப்படியானால் நீங்கள் பழகிய அதே வடிவத்தை எஃப் கார்டின் மேல் வாசித்துப் பாருங்கள். ஏ, சி, இ மூன்றும் எஃப் மேஜர் செவனின் மேல் மூன்று சுரங்கள். பேஸ் வாசிப்பவர் எஃப் பிடித்தால் நீங்கள் புதிதாக ஒன்றும் கற்காமலே வேறு நிறம் கிடைக்கும். ஏ மைனர் கார்டின் மேல் ஏ மைனர் ஆர்பெஜியோ வாசித்தால் அது கார்டைத் திருப்பிச் சொன்ன மாதிரிதான் இருக்கும்.

இ செவனுக்கு டிமினிஷ்ட் வடிவம் ஒன்று படியுங்கள், ஜி ஷார்ப், பி, டி, எஃப். இதில் ஒரு வசதி, எந்த வடிவத்தில் வாசித்தாலும் அதை அப்படியே மூன்று ஃப்ரெட் தள்ளி வைத்தால் அதே நான்கு சுரங்கள்தான் வேறு வரிசையில் வரும். ஒரு வடிவத்தில் கழுத்து முழுக்க ஏறிவிடலாம். கூட்டம் இது ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கும்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும். இடையிசையின் கடைசி தாளக்கட்டில் ஒன்று, பாடகர்கள் மூச்சு எடுக்கிற நேரத்தில். பாடல் வரியின் நடுவே வாசித்தால் நானே எழுந்து வந்து ஆம்பை அணைப்பேன்.

வடசேரி வாத்தியார் | மார்ச் 29, காலை 6.00

கொயர் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. கூடுதலாக ஒன்று: நீ பழகுகிற மைனர் வடிவம் நம் கணக்கில் ச, சாதாரண காந்தாரம், ப. காந்தாரத்தை ஒரு ஃப்ரெட் ஏற்றினால் அந்தர காந்தாரம், மேஜர். இரண்டாம் கம்பியில் 13ஐ 14 ஆக்கினால் போதும். பாடிக்கொண்டே வாசித்துப் பார். வாயால் பாட முடியாத வேகத்தில் விரல் ஓடும்போது காது எங்கேயோ பின்தங்கிவிடுகிறது.

தக்கலை மெட்டல் | மார்ச் 29, காலை 10.30

பாடிக்கொண்டே 130ல் ஆறு சுரமா? வாத்தியார், உங்களுக்கு ஒரு சாயா இல்லை, ஒரு ஃபிளாஸ்க்.

ஆறுகம்பி | ஏப்ரல் 24, இரவு 9.35

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் வாசித்தேன். ஐந்து கம்பி இல்லை, மூன்று கம்பிதான், எஃப் கார்டின் மேல் இரண்டு சுற்று, கொயர்அக்கா சொன்ன அதே இடத்தில். பாடகர் குழுத் தலைவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முடிந்தபின் ஒரு தாத்தா வந்து "அது என்னடே, வில்லடிச்சாம்பாட்டு மணி மாதிரி உருண்டுது" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போனில் பதிவு செய்ததை இணைத்திருக்கிறேன். வீட்டில் 130ல் சுத்தமாக வந்தது, அங்கே முதல் சுற்றில் மூன்றாம் கம்பி விடாமல் முனகுகிறது. பயமா?

தக்கலை மெட்டல் | ஏப்ரல் 24, இரவு 10.10

கேட்டேன். மூன்றாம் கம்பி மட்டுமில்லை, நான்காவதும் முனகுகிறது. அப்படியென்றால் விரல் இல்லை, வலது உள்ளங்கை விலகியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறீர்களா?

ஆறுகம்பி | ஏப்ரல் 24, இரவு 10.14

கட்டிலில் உட்கார்ந்துதான்.

தக்கலை மெட்டல் | ஏப்ரல் 24, இரவு 10.20

அதேதான். ஆலயத்தில் நின்று வாசிக்கும்போது கிட்டார் ஒரு சாண் கீழே தொங்கியிருக்கும், முன்கை வருகிற கோணமே மாறிவிடும். உட்கார்ந்திருக்கும்போது கிட்டார் எங்கே இருக்கிறதோ, நின்றாலும் அங்கேயே இருக்கிற மாதிரி ஸ்ட்ராப்பை ஏற்றுங்கள். பார்க்க அவ்வளவு கெத்தாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆறுகம்பி | ஏப்ரல் 25, இரவு 9.50

ஏற்றிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் தவில்காரர் மாதிரி இருக்கிறது. நான்காம் கம்பி நின்றுவிட்டது, மூன்றாவது இன்னும் பத்துக்கு இரண்டு முறை. ஐந்து கம்பி உருட்டலுக்கு நாளையிலிருந்து.